ஷார்ட்பிரெட் எங்கே சொதப்புகிறது? சென்னை சமையலறைக்கான குறிப்புகள்

டீக்கடை ஜாடியில் இருக்கும் பட்டர் பிஸ்கட்டை மனதில் வைத்துக்கொண்டு ஷார்ட்பிரெட் செய்ய இறங்கினால் முதல் ஏமாற்றம் அங்கேயே தொடங்கிவிடும். டீக்கடை பிஸ்கட்டில் பெரும்பாலும் வனஸ்பதியோ மார்ஜரினோதான் இருக்கும். பொரபொரப்பாக உப்பி வர சோடாவும் போட்டிருப்பார்கள். ஸ்காட்லாந்தின் ஷார்ட்பிரெட்டில் சோடா இல்லை, முட்டை இல்லை, பால் இல்லை. சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு பங்கு, மாவு மூன்று பங்கு, அவ்வளவுதான். அது உப்பாது. கனமாக, வெளிறிய நிறத்தில், வாயில் போட்டதும் பொடிந்து கரைவதுதான் அதன் லட்சணம்.

மூன்றே பொருள் என்பதால் ஒன்றில் நேர்ந்த தப்பை இன்னொன்று மூடி மறைக்காது. அதிலும் சென்னையில் இது கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: வெண்ணெய் சூடாகிவிடுகிறது.

கீழே வரும் குறிப்புகளுக்கு இந்த அளவை வைத்துக்கொள்ளுங்கள்: உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம், பொடித்த சர்க்கரை 50 கிராம், மைதா 120 கிராம், பச்சரிசி மாவு 30 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. 6 அங்குலச் சதுரத் தட்டில் பரப்பினால் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் கனம் வரும். 12 துண்டு போடலாம்.

‘ரூம் டெம்பரேச்சர்’ என்பதை நம்புவது

வெளிநாட்டுக் குறிப்புகள் பெரும்பாலும் வெண்ணெயை ரூம் டெம்பரேச்சரில் வைக்கச் சொல்லும். அந்த ஊர் அறையின் சூடு 18 முதல் 20 டிகிரி. சித்திரை வெயிலில் நம் சமையலறை 35 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். வெண்ணெய் முழுக்க உருகுவது 32 முதல் 35 டிகிரிக்குள். ஆக, குறிப்பில் சொன்னபடி ஒரு மணி நேரம் வெளியே வைத்தால் கிண்ணத்தில் மிஞ்சுவது மஞ்சள் எண்ணெய்தான்.

உருகிய வெண்ணெயை மறுபடி ஃப்ரிட்ஜில் வைத்து இறுக வைத்தாலும் பழைய வெண்ணெய் திரும்பாது. உருகும்போதே அதிலுள்ள கொழுப்பும் தண்ணீரும் பிரிந்துவிடுகின்றன. கடை வெண்ணெயில் கொழுப்பு 80 சதவீதத்துக்குக் குறையாது. 16 சதவீதம் வரை தண்ணீர். பிரிந்த தண்ணீர் நேராக மைதாவைப் பிடித்துக்கொண்டு, மாவை இழுவையாக்கும் புரதமான குளூட்டனை வளர்க்கும். கடித்தால் பொடிய வேண்டியது, வறண்டு கெட்டியாகிவிடும். பிரிந்த கொழுப்பு ஓவனுக்குள் போனதும் தட்டில் வழிந்து பிஸ்கட்டின் அடியைப் பொரிக்கும்.

வெண்ணெயை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததுமே ஒரு சென்டிமீட்டர் கட்டங்களாக நறுக்கிவிடுங்கள். மார்கழியில் பத்து நிமிடம், மே மாதத்தில் ஐந்து நிமிடம் போதும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும். மேலே பளபளப்பு தெரியக் கூடாது. பளபளத்தால் நேரம் தாண்டிவிட்டது என்று பொருள், உடனே உள்ளே வைத்துவிடுங்கள். மின்விசிறி வெண்ணெயைக் குளிர்விக்காது. மைதாவைத்தான் வீடெங்கும் தூவும்.

கோடையில் இன்னும் பத்திரமான வழி மிக்ஸி. மைதா, அரிசி மாவு, சர்க்கரை மூன்றையும் பெரிய ஜாரில் போட்டு, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெய்க் கட்டங்களைச் சேர்த்து, ஒரு நொடி ஒரு நொடியாக எட்டுப் பத்து முறை விட்டு விட்டு ஓட்டுங்கள். புட்டு மாவுப் பதம் வர வேண்டும்: பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். தொடர்ந்து ஓடவிட்டால் ஜார் சூடேறி, அந்தச் சூடு வெண்ணெயில் இறங்கிவிடும். சர்க்கரையைப் பொடித்த சூட்டோடு அதே ஜாரில் வெண்ணெயைப் போடுவதும் இதே தப்புதான். ஜார் ஆறட்டும்.

பால் தெளிப்பது, சப்பாத்தி மாதிரி பிசைவது

புட்டுப் பதத்தில் இருக்கும் மாவைப் பார்த்ததும் ‘இது சேரவே சேராது’ என்று பதறி இரண்டு ஸ்பூன் பால் தெளிப்பவர்கள் நிறைய. அந்த இரண்டு ஸ்பூனே ஷார்ட்பிரெட்டைச் சாதா பிஸ்கட்டாக்கிவிடும். கொழுப்பு ஒவ்வொரு மாவுத் துகளையும் பூசி, தண்ணீர் அண்டாமல் காப்பதால்தான் அந்தப் பொடிபடும் தன்மை வருகிறது. பால் ஊற்றினால் அந்தக் காப்பு போச்சு.

தண்ணீர் இல்லாமலே சேரும். தட்டில் கொட்டி, அடி தட்டையான டம்ளரால் நன்றாக அழுத்துங்கள். உருண்டையாகத் திரட்டுவதென்றால் விரல் நுனியால் நாலைந்து முறை கூட்டிப் பிடித்தால் போதும். நம் கைக்குச் சப்பாத்தி மாவுப் பழக்கம் உண்டு. உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்துப் பிசையும். பிசையப் பிசையக் குளூட்டன் வளரும், உள்ளங்கைச் சூட்டில் வெண்ணெயும் இளகும். நிஜமாகவே சேரவில்லை என்றால் காரணம் ஒன்றுதான்: மாவு கூடிவிட்டது.

மாவு கூடுவதற்குக் காரணம் கப். கடைகளில் 200 மில்லி கப்பும் உண்டு, 240 மில்லி கப்பும் உண்டு. அதே 240 மில்லி கப்பில் மைதாவை லேசாக அள்ளிப் போட்டால் 120 கிராம், அமுக்கி எடுத்தால் 150 கிராம். மூன்று பொருள் பலகாரத்தில் 30 கிராம் என்பது பெரிய வித்தியாசம். டிஜிட்டல் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. குக்கி கட்டர் வாங்கும் காசை இதில் போடலாம்.

எந்த வெண்ணெய், எந்தச் சர்க்கரை

மஞ்சள் நிற உப்பு வெண்ணெயில் செய்யக் கூடாது என்று ஒன்றுமில்லை. 100 கிராமில் ஏறக்குறைய 2 கிராம் உப்பு அதிலேயே இருக்கும், எனவே தனியாக உப்புப் போடாதீர்கள். சிலருக்கு அந்தத் தூக்கலான உப்புச் சுவைதான் பிடிக்கிறது. தவிர்க்க வேண்டியது வீட்டில் கடைந்த வெண்ணெயையும் எடை போட்டு விற்கும் உதிரி வெண்ணெயையும். ஊத்துக்குளி வெண்ணெயே ஆனாலும் அதை நெய் காய்ச்ச வைத்துக்கொள்ளுங்கள். மோரும் தண்ணீரும் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று கணக்கே கிடையாது. புளிப்பு வாடையும் அப்படியே பிஸ்கட்டில் தெரியும்.

வெண்ணெய்க்குப் பதில் நெய் ஊற்றினால் வருவது நான்கட்டாயின் உறவு. நன்றாகவே இருக்கும், ஆனால் ஷார்ட்பிரெட் ஆகாது. மார்ஜரினைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சுவைக்கு இருப்பதே வெண்ணெய் ஒன்றுதான், அதையும் எடுத்துவிட்டால் எதற்குச் செய்வது?

வெண்ணெய் பக்கத்து வாசனையை இழுத்துக்கொள்ளும். நேற்றைய மீன் குழம்பும் நறுக்கிய வெங்காயமும் இருக்கும் ஃப்ரிட்ஜில் திறந்த பொட்டலமாக வைத்தால், வெனிலா எவ்வளவு விட்டாலும் காப்பாற்றாது. மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.

நம் ஊர்ச் சர்க்கரை பரல் பெரியது. அப்படியே போட்டால் கரையாமல் நறநறக்கும், மேலே புள்ளி புள்ளியாகச் சிவக்கும். பொடித்துச் சலித்துப் போடுங்கள். ‘ஆரோக்கியமாக’ நாட்டுச் சர்க்கரை போடுவதென்றால், அதில் ஈரம் அதிகம், சீக்கிரம் கருகும் என்று தெரிந்தே போடுங்கள். கோதுமை மாவு மைதாவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் தொண்டையை அடைக்கும்.

அரிசி மாவு எதற்கு என்று கேட்கலாம். அதில் குளூட்டன் கிடையாது, கடிக்கும்போது மெல்லிய மொறுமொறுப்பும் தரும். ஸ்காட்லாந்திலேயே பழைய வழக்கம்தான். ஆனால் கொழுக்கட்டைக்கு ஊறவைத்து இடித்த ஈரமாவு கூடாது. காய்ந்த பாக்கெட் மாவு போதும்.

குளிரவைக்காமல் ஓவனில் தள்ளுவது

தட்டில் அழுத்தியதும் மூடி, 30 நிமிடம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெயில் காலத்தில் ஃப்ரீசரில் 20 நிமிடம். ஓவனுக்குள் போனதும் ஒரு போட்டி நடக்கிறது: வெண்ணெய் உருகி ஓடப் பார்க்கிறது, அதற்குள் மாவு இறுகிவிட வேண்டும். வெண்ணெய் குளிர்ந்திருந்தால் மாவு ஜெயிக்கும். இளகியிருந்தால் பிஸ்கட் பரந்து, விளிம்பு தேய்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

இங்கே காற்றில் ஈரம் அதிகம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துத் திறந்து வைத்தால் மாவின் மேல் வியர்க்கும். ஓவன் தயாரான பிறகே மூடியை எடுங்கள். தட்டில் போட்ட துண்டுகளை முள்கரண்டியால் அடிவரை குத்திவிட வேண்டும், ஒரு துண்டுக்கு மூன்று குத்து. இல்லாவிட்டால் உள்ளிருக்கும் நீராவி மேற்பரப்பைக் கொப்புளமாகத் தூக்கும்.

தனித்தனியாக வெட்டி இரண்டு ஈடு சுடுபவர்கள் முதல் ஈடு வந்த சூட்டுத் தட்டிலேயே அடுத்ததை அடுக்குவார்கள். அடுப்புக்குப் போகும் முன்பே அடிப்பக்கம் உருகிவிடும். தட்டைக் குழாய்த் தண்ணீரில் காட்டி, நன்றாகத் துடைத்துவிட்டு அடுக்குங்கள்.

ஓடிஜியின் நிறத்தை நம்புவது

ஓடிஜி என்னும் மேசை மேல் வைக்கும் மின் ஓவனில் விளக்கு அணைந்தால் உள்ளே முழுதும் சூடாகிவிட்டது என்று அர்த்தமில்லை. 15 நிமிடம் முன்சூடு செய்யுங்கள். முழுத் தட்டாகச் சுட்டால் 150 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம். தனித்தனித் துண்டென்றால் 160 டிகிரியில் 18 முதல் 22 நிமிடம். மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரிய வேண்டும். ஃபேன் ஓடும் கன்வெக்‌ஷன் என்றால் 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். வெறும் மைக்ரோவேவில் இது நடக்காது.

16, 19 லிட்டர் சின்ன ஓடிஜிகளில் மேல் கம்பி தலைக்கு மேலேயே இருக்கும். உள்ளே பச்சையாக இருக்கும்போதே மேலே சிவந்து, ‘வெந்துவிட்டது’ என்று ஏமாற்றும். நடுத்தட்டுக்கு ஒரு படி கீழே வைத்து, மேலே சிவக்க ஆரம்பித்தால் அலுமினிய ஃபாயில் ஒன்றை லேசாகப் போர்த்துங்கள். மூன்றில் இரண்டு பங்கு நேரம் ஆனதும் தட்டைத் திருப்பி வையுங்கள். திருகியில் 150 என்று வைத்தால் உள்ளே 150தான் என்பதற்கு உத்தரவாதமில்லை. உள்ளே தொங்கவிடும் வெப்பமானி பாரிமுனைப் பக்கம் பேக்கரி சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும்.

பொன்னிறம் வரும்வரை காத்திருக்கக் கூடாது. விளிம்பில் மட்டும் லேசான தங்க நிறம், நடுவில் வெளிறிய வெண்ணெய் நிறம், அதுதான் எடுக்கும் நேரம். தொட்டால் மெத்தென்று இருக்கும். வேகவில்லையோ என்று இன்னும் பத்து நிமிடம் விடத் தோன்றும். விடாதீர்கள். கொழுப்பு ஆறி இறுகிய பிறகுதான் மொறுமொறுப்பு வரும். முழுத் தட்டாகச் சுட்டிருந்தால், எடுத்த ஐந்து நிமிடத்துக்குள் சூட்டோடு கத்தி போட்டுவிட வேண்டும். ஆறிய பிறகு வெட்டினால் நேர்க்கோடே வராது, நொறுங்கிவிடும். வெட்டிவிட்டுத் தட்டிலேயே ஆறவிடுங்கள்.

குக்கரில் உப்பு பரப்பிச் சுடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: தண்ணீர், கேஸ்கட், வெயிட் எதுவும் கூடாது, தட்டு அடியைத் தொடவும் கூடாது. மேல்பக்கம் நிறமே எடுக்காது. அடி சிவந்தால் இறக்கிவிடுங்கள்.

ஆறுவதற்குள் டப்பாவில் அடைப்பது

வெதுவெதுப்பாக இருக்கும்போதே மூடினால் உள்ளே நீராவி படிந்து அன்றைக்கே நமத்துப்போகும். முழுதும் ஆற ஒரு மணி நேரம் பிடிக்கும். அதற்காக இரவு முழுக்கத் திறந்தும் போடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றே ஈரத்தை ஊட்டிவிடும். ஆறிய கையோடு காற்றுப் புகாத எவர்சில்வர் அல்லது கண்ணாடி டப்பாவில் அடைத்தால் ஒரு வாரம் தாங்கும். முறுக்கு, மிக்ஸர் டப்பாவில் மட்டும் சேர்க்க வேண்டாம், பூண்டும் பெருங்காயமும் ஏறிவிடும்.

நமத்துப்போனால் தூக்கிப் போட வேண்டியதில்லை. 150 டிகிரியில் ஐந்து முதல் ஏழு நிமிடம் காட்டி, மறுபடி முழுதும் ஆறவிட்டு அடையுங்கள்.