டொர்னாடோ எச்சரிக்கையா? முதலில் ஷூவை மாட்டுங்கள்

ஜன்னல்களைத் திறந்து வைத்தால் டொர்னாடோ என்கிற பயங்கரச் சுழல்காற்றில் வீடு வெடிக்காது என்பது பழைய கதை. நம்பி நேரத்தை வீணாக்காதீர்கள். வீட்டைச் சாய்ப்பது காற்றின் வேகமும் பறந்து வரும் பொருட்களும்தான். நிலவறைக்கோ, அது இல்லையென்றால் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத நடு அறைக்கோ போய்விடுங்கள். தலைக்கு பைக் ஹெல்மெட் இருந்தால் நல்லது. காலில் கெட்டியான ஷூ, இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். காற்று ஓய்ந்து வெளியே வந்தால் தரை முழுக்கக் கண்ணாடித் துண்டும் ஆணி நீட்டிய பலகையுமாகக் கிடக்கும். ஆணி குத்திவிட்டால் டெட்டனஸ் ஊசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அப்புறம், கரண்ட் இல்லையென்று ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓடவிடாதீர்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். அறுந்து கிடக்கும் மின்கம்பி பக்கம் போகவே வேண்டாம்.