புது டயர் வீங்கிவிட்டதா? கடையிடமிருந்து மாற்று டயர் வாங்கும் வழி

புது டயரில் வீக்கம் என்று போய் நின்றால், "பள்ளத்தில் இறக்கியிருப்பீர்கள் சார்" என்பதுதான் எந்தக் கடையிலும் முதல் பதில். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். காரின் முன்பக்க டயரில், தரையைத் தொடும் பட்டன் பகுதியில் மேடு தட்டி, வேகம் கூடினாலே ஸ்டியரிங் உதறியது. கடைசியில் மாற்று டயர் வந்தது. நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

1. ஓட்டுவதை நிறுத்துங்கள்

ஸ்டெப்னியை மாட்டிவிடுங்கள். வீங்கிய டயர் ஓட்டத்தில் வெடிக்கலாம். வெடித்துவிட்டால் குறைக்கான தடயமும் போய்விடும்.

2. எண்ணைப் படம் எடுங்கள்

டயரின் பக்கச்சுவரில் 'டாட்' (DOT) என்ற ஆங்கில எழுத்துகளை அடுத்து வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரிப்பு வாரமும் ஆண்டும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். என்னை அலைக்கழித்தது இந்த இடம்தான். பல டயர்களில் இந்த நான்கு இலக்கங்கள் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். அந்தப் பக்கம் வண்டியின் உள்நோக்கி மாட்டப்பட்டிருந்தால் வெளியே எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. சக்கரத்தைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

பில்லில் டயரின் வரிசை எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் கடையில் எழுதி, முத்திரை போட்டு வாங்குங்கள். பில் இல்லாதவர்களுக்குச் சில நிறுவனங்கள் தயாரிப்புத் தேதியிலிருந்தே வாரண்டியைக் கணக்கிடுகின்றன.

3. டயரின் உட்புறத்தைப் பாருங்கள்

வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ரிம்மிலிருந்து டயரைக் கழற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். செல்போன் விளக்கை உள்ளே அடித்து, வீக்கத்துக்கு நேர் பின்னால் விரலால் தடவிப் பாருங்கள். பள்ளத்தில் மோதிய டயரில் பெரும்பாலும் பக்கச்சுவரில்தான் வீக்கம் வரும். உள்ளே நூலிழை அறுந்த கோடு தட்டுப்படும், ரிம்மின் விளிம்பும் நசுங்கியிருக்கலாம். காற்றுக் குறைவாக ஓடிய டயரில் பக்கச்சுவரின் உட்புறம் சுற்றிலும் வளையமாகத் தேய்ந்து, கறுப்புத் தூள் உதிரும்.

என் டயரில் இவை எதுவும் இல்லை. உள்பக்கம் வழவழவென்று இருக்க, மேலே பட்டன் பகுதி மட்டும் எழும்பியிருந்தது. உள்ளே இருக்கும் எஃகுப் பட்டை ரப்பரை விட்டுப் பிரிந்தால் இப்படி ஆகும். ரிம், உட்புறம், வீக்கம் மூன்றையும் அங்கேயே படம் எடுத்தேன். "பள்ளம்" என்ற பேச்சு அதன்பிறகு எழவில்லை.

4. நிறுவனத்துக்கு எழுதுங்கள்

டயரைத் தயாரிப்பு நிறுவனத்தின் பொறியாளர்தான் சோதிப்பார். டயரை ஒப்படைக்கும்போது வரிசை எண் எழுதிய ரசீது வாங்காமல் கடையை விட்டு நகராதீர்கள். கடைக்காரர் அனுப்பட்டும், நீங்களும் நிறுவனத்துக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்புங்கள். இதற்கு வாட்ஸ்அப்பை நான் நம்புவதில்லை. படங்கள் தரம் குறைந்து போகும், செய்தியை அழிக்கவும் முடியும்.

வாரண்டியில் முழு விலையும் பெரும்பாலும் கிடைக்காது, தேய்மானம் கழிப்பார்கள். பட்டனில் உள்ள பள்ளங்களின் ஆழம் புதிதில் 8 மில்லிமீட்டர், சட்டப்படி தேயக்கூடிய எல்லை 1.6 என்றால், பயன்படும் ஆழம் 6.4. அதில் 0.8 தேய்ந்திருந்தால் டயர் விலையில் உங்கள் பங்கு 12.5 சதவீதம். ஆழமானி மலிவான பொருள்தான்; ஒன்று வாங்கி நீங்களே அளந்துவிடுங்கள். அவர்கள் சொல்லும் அளவை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

5. மறுத்தால்

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழி மறுப்புக்கு மதிப்பில்லை. பிறகு 15 நாள் கெடு வைத்துக் கடைக்கும் நிறுவனத்துக்கும் கடிதம் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915; பல தகராறுகள் அங்கேயே முடிந்துவிடும்.

அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இணையத்தில் இ-ஜாக்ரிதி தளத்தில் பதியலாம்.

பின்சேர்க்கை: கெடு வைக்கும் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்ப முடியவில்லை என்று வாசகர்கள் எழுதியிருந்தார்கள். 2025இல் அது ஸ்பீட் போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, பட்டுவாடா ஆனதற்கான ஆதாரத்தைச் சேமித்து வையுங்கள்.

இன்னொன்று: நிராகரித்துத் திருப்பிய டயரைப் பழைய டயர் வாங்குபவரிடம் போட்டுவிட்டதாக ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஆய்வுக்கூடச் சோதனைக்கு ஆணையம் அந்த டயரைக் கேட்கலாம். வழக்கு முடியும்வரை வெயில் படாத இடத்தில் வையுங்கள். "நாங்கள் விற்றவர்கள் மட்டும்தான்" என்று கடைக்காரர் நழுவினாலும், மனுவில் கடை, நிறுவனம் இரண்டையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்துவிடுங்கள்.