புளிய மரம் நல்ல விறகாகுமா? சோதித்துப் பார்க்கும் முறை

காற்றில் சாய்ந்த புளிய மரமோ சாலை விரிவாக்கத்துக்காக வெட்டப்பட்ட புளிய மரமோ கிடைக்கும்போது அதை விறகாக்கலாமா என்ற கேள்வி எழும். (காய்த்துக்கொண்டிருக்கும் புளியை விறகுக்காக வெட்டுவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.) ‘நின்று எரியும்’ என்று ஒருவர் சொல்வார், ‘கோடரி ஏறாது’ என்று இன்னொருவர் சொல்வார். இரண்டும் உண்மையே. ஆயினும் மரத்தின் பெயரை மட்டும் கொண்டு முடிவு செய்யாமல், ஈரம், கனம், தணல் ஆகிய மூன்றையும் இதே வரிசையில் சோதிக்க வேண்டும்.

ஈரத்தை முதலில் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. முற்றிலும் உலர்ந்த கட்டை, எந்த மரமானாலும், கிலோவுக்கு ஏறத்தாழ 4,500 கிலோ கலோரி வெப்பம் தரும். மரத்துக்கு மரம் வேறுபாடு சிறிதே. அப்போதுதான் வெட்டிய கட்டையிலோ எடையில் பாதி வரை நீராக இருக்கக்கூடும். அப்படிப்பட்ட ஒரு கிலோ பச்சை விறகில் எரிவது அரைக் கிலோ மரம்தான். அது தரும் வெப்பத்திலும் 300 கிலோ கலோரி அளவு உள்ளிருக்கும் நீரைச் சூடாக்கி ஆவியாக்கவே போய்விடும். எடைக் கணக்கில் பச்சை விறகு வாங்குபவர் தண்ணீருக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறார். பிளந்த துண்டு ஒன்றை எடை போட்டுக் குறித்துவைத்து, வெயிலில் காயவைத்து, வாரம் ஒரு முறை எடை பாருங்கள்; எடை இறங்குவது நின்றால் விறகு காய்ந்துவிட்டது. வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து ஓரம் நோக்கி வெடிப்பு ஓடுவதும், பட்டை தானே கழன்று வருவதும், இரண்டு துண்டுகளைத் தட்டினால் ‘ணங்’ என்று ஒலிப்பதும் காய்ந்ததன் அடையாளங்கள். அடுப்பில் வைத்தபின் மறுமுனை நுரை தள்ளிச் சீறினால் ஈரம் இன்னும் போகவில்லை.

கனத்தைக் காய்ந்த பிறகே அளக்க வேண்டும், ஏனெனில் பச்சைக் கட்டையின் கனம் ஏமாற்றும். 20 செ.மீ. நீளமும் 5 செ.மீ. அகலமும் 5 செ.மீ. தடிமனும் உள்ள துண்டின் கொள்ளளவு 500 கன செ.மீ. ஆகும்; அது 400 கிராம் இருந்தால் அடர்த்தி 0.8, அதாவது நல்ல கனமான விறகு. இலவமும் கல்யாண முருங்கையும் அதில் பாதிகூடத் தேறா. புளியில் ஒரே துண்டை அளந்து நிறுத்திவிடாதீர்கள். வெளிப்பக்கம் மஞ்சள் கலந்த வெளிறும், நடுவில் கருஞ்சிவப்பான வைரமும் இருக்கும். இரண்டிலும் தனித்தனியே துண்டெடுத்து அளக்க வேண்டும். இளமரத்தில் வைரம் மிகக் குறைவு. வெளிறை வண்டு எளிதில் துளைத்து மாவாக்கிவிடும் என்பதால் அதைத்தான் முதலில் எரித்துத் தீர்க்க வேண்டும்.

தணலைத் தனியாகப் பார்த்துப் பயனில்லை. நன்கு பழகிய சவுக்கு விறகுடன் ஒப்பிட வேண்டும்: ஒரே அடுப்பு, ஒரே பாத்திரம், ஒரே அளவு தண்ணீர், ஒரே தடிமனில் ஒரே எடை விறகு. தண்ணீர் கொதிக்க எடுத்த நேரம், சுவாலை அடங்கிய பிறகு கங்கு சூடாக நின்ற நேரம், கண்ணைக் கரிக்கும் புகை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாத, பால் வடியும் மரத்தை இப்படிச் சோதிக்கவே கூடாது. பிச்சாவரத்தில் வளரும் தில்லை போன்ற மரங்களின் புகை கண்ணுக்குக் கேடு.

காய்ந்த புளிய வைரம் மெதுவாகப் பற்றும், நெடுநேரம் தணலாக நிற்கும். ஆகவே நெல் அவிக்கவும் வெந்நீர் போடவும் அது ஏற்றது. சட்டென்று சூடேற வேண்டிய சமையலுக்குச் சுள்ளியோ தென்னம் பாளையோ துணைக்கு வேண்டும். இழைகள் பின்னிக் கிடப்பதால், மரம் பச்சையாக இருக்கும்போதே ஆப்பு வைத்துப் பிளந்துவிட வேண்டும். தையிலோ மாசியிலோ பிளந்து, தரையில் படாமல் அடுக்கி, மேலே மட்டும் மூடிப் பக்கங்களைக் காற்றுக்குத் திறந்துவிட்டால், கோடை வெயில் முழுவதும் அதற்குக் கிடைக்கும். ஐப்பசி மழைக்கு முன் கூரையின் கீழ் சேர்த்துவிடலாம்.