‘அவளுக்குப் படிப்பு ஏறல’: ஒரு கல்லிப் பிரச்சினையைச் சமூகவியல் கண்ணால் ஆராய்வது எப்படி?

எங்கள் கல்லியில் (இங்கே சந்துக்குக் கல்லி என்று பேர்) யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான். “ஒம் மவ ஏன் பள்ளிக்கூடத்த விட்டா?” “அவளுக்குப் படிப்பு ஏறல.” என் அம்மாவும் என்னைப் பற்றி முப்பது வருஷத்துக்கு மேலாக இதையேதான் சொல்லி வருகிறாள். 1991 மே மாதம், நான் ஏழாவது பாஸ் பண்ணிய தாளைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

நான் பிறந்து வளர்ந்தது மும்பை தாராவி. அப்பா, அம்மா திருநெல்வேலிப் பக்கம். நின்றுபோன படிப்பை ராத்திரி ஸ்கூலில் பிடித்து, தபால் வழியில் சமூகவியல் எம்.ஏ. வரை இழுத்து வந்தேன். பதினாறு வருஷமாக யார் யாருடைய ஆய்வுக்கோ சர்வே படிவம் தூக்கிக்கொண்டு மாடிமாடியாக ஏறி இறங்குகிறேன். இப்போது பக்கத்துக் கல்லிப் பிள்ளைகள் காலேஜ் ப்ராஜெக்ட்டுக்காக வாசலில் வந்து நிற்கிறார்கள்: “யக்கா, ‘தாராவியின் சமூகப் பிரச்சினைகள்’னு பத்துப் பக்கம் எழுதணும்.” அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு எங்கள் கல்லியின் ‘படிப்பு ஏறல’யே போதும். அதில் நான் பண்ணிய தப்புகளும் எனக்குத் தெரியும்.

கேள்வியைச் சின்னதாக்கு

‘தாராவியின் சமூகப் பிரச்சினைகள்’ என்ற தலைப்பில் கட்டுரைப் போட்டிக்கு எழுதலாம், ஆராய முடியாது. ஒரு ஆளின் தனிக் கஷ்டம் எந்த இடத்தில் பொதுப் பிரச்சினை ஆகிறது என்று முதலில் பார். சி. ரைட் மில்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1959இல் இதை ஒரு கணக்காகவே சொன்னார். ஒரு லட்சம் பேர் உள்ள ஊரில் ஒருவனுக்கு மட்டும் வேலை இல்லையென்றால், அவனுடைய குணத்தையும் திறமையையும் விசாரிக்கலாம். ஐந்து கோடித் தொழிலாளர் உள்ள நாட்டில் ஒன்றரைக் கோடிப் பேர் வேலையில்லாமல் இருந்தால், ஆள் ஆளாகக் குணம் விசாரித்து என்ன கிடைக்கும்?

ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்குப் படிப்பு ஏறாமல் போகலாம். வரிசையாகப் பன்னிரண்டு கோலியில் (ஒற்றை அறை வீட்டில்) மூத்த பெண்ணுக்கு மட்டும் ஏறாமல் போகுமா?

ஆக, என் கேள்வி இப்படிச் சுருங்கியது: இந்தக் கல்லியில் தமிழ் மீடியத்தில் சேர்ந்த பிள்ளைகள் எந்த வகுப்போடு நின்றார்கள்? இதில் ‘ஏன்’ கிடையாது. ‘ஏன்’ கடைசியில் வரட்டும். முதலிலேயே அதைக் கூப்பிட்டால், நமக்கு ஏற்கெனவே தெரிந்த பதிலைத்தான் அது எடுத்து வரும்.

யார் அதைப் பிரச்சினை என்கிறார்கள்?

1977இல் மால்கம் ஸ்பெக்டர், ஜான் கிட்சூஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் ஒரு விவகாரமான வாதம் வைத்தார்கள். ஒரு நிலைமை நிலவுவதாலேயே அது சமூகப் பிரச்சினை ஆகிவிடாது. யாராவது அதைக் குறையென்று சொல்லி, முறையிட்டு, மற்றவரைக் கேட்கவும் வைக்க வேண்டும். ஆராய வேண்டியது அந்த முறையீட்டைத்தான் என்றார்கள். எனக்கு இது முழுக்க ஒப்புதல் இல்லை. யாரும் சொல்லாவிட்டாலும் குழாயில் தண்ணீர் வராதது வராததுதான். ஆனால் தாராவியில் வளர்ந்தவர்களுக்கு இந்த வாதத்தின் பாதி உண்மை சட்டென்று விளங்கும். குடிசை மாற்றுத் திட்டத்துக்கு மகாராஷ்டிரா அரசு ஒரு தேதி வைத்தது: 1995 ஜனவரி 1. பிறகு அதையே 2000 ஜனவரி 1க்குத் தள்ளியது. அந்தத் தேதிக்கு முன்னால் இங்கே இருந்ததற்குக் காகிதம் வைத்திருந்தால் நீ ‘பாத்ர’, இல்லாவிட்டால் ‘அபாத்ர’ என்று எழுதினார்கள். மராத்தியில் தகுதி உண்டு, இல்லை என்று அர்த்தம். (என் அத்தைக்கு மராத்தி அரைகுறை. “நம்ம வீட்டுல பாத்திரம் இல்லன்னு எழுதிட்டானா?” என்று கேட்டாள்.) ஒரே கல்லி, ஒரே சுவர். தேதி நகர்ந்ததும் நேற்றுவரை ‘ஆக்கிரமிப்பு’ என்று எண்ணப்பட்டவர்களில் ஒரு பகுதி இன்றைக்குப் பயனாளி. கரண்ட் பில்லையும் ரேஷன் கார்டையும் பிளாஸ்டிக் பையில் சுருட்டி எங்கள் வீடுகளில் வைத்திருப்பது இதற்காகத்தான்.

அதனால் எந்தச் சொல்லையும் அப்படியே வாங்கிக்கொள்ளாதே. நம் விஷயத்தில் அரசாங்கச் சொல் ‘இடைநிற்றல்’. யார் நின்றது? சொல்லைப் பார்த்தால் பிள்ளைதான் நின்றது போலத் தோன்றும். இதை மனசில் வைத்துக்கொள், பிறகு வருகிறேன்.

எண்ணிக்கையைத் தேடு, ஆனால் எண்ணியவனையும் விசாரி

இதில் மூத்தவர் பிரான்சின் சமூகவியலாளர் எமில் துர்க்கைம். தற்கொலையைப் போலத் தனிப்பட்ட காரியம் உண்டா? 1897இல் அவர் அதைத்தான் எடுத்தார். ஒரு தற்கொலையின் காரணத்தைத் தேடாமல், விகிதங்களை ஒப்பிட்டார். புராட்டஸ்டன்டுகளிடம் கத்தோலிக்கரைவிட அதிகம், கல்யாணமாகாதவரிடம் ஆனவரைவிட அதிகம், வருஷாவருஷம் விகிதம் பெரிதாக மாறுவதில்லை. ஆட்கள் மாறியும் விகிதம் மாறாமல் நிற்கிறதென்றால், அதைப் பிடித்து நிறுத்துவது சமூகத்தில் எங்கோ இருக்கிறது என்றார். பின்னால் வந்தவர்கள் அவரையும் விடவில்லை. தற்கொலை பெரும் பாவம் என்கிற ஊரில், இறப்பை வேறு பெயரில் எழுதிவிடுவார்களே என்று கேட்டார்கள். நம் நாட்டுப் பட்டியலையும் பார். தேசியக் குற்றப் பதிவு நிறுவனத்தின் தற்கொலை அட்டவணைகளில் ‘குடும்பப் பிரச்சினை’ என்ற கட்டம்தான் பல வருஷமாக மேலே நிற்கிறது. சாவு விழுந்த வீட்டில் போலீஸ்காரர் கேட்டு எழுதிக்கொண்ட காரணம் அது. கடன், வேலை, நோய் எல்லாமே குடும்பத்துக்குள்தான் வெடிக்கும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, குடும்ப நல சர்வே எல்லாம் பார்த்துக்கொள். ஆனால் கணக்கெடுப்பு கடைசியாக முடிந்தது 2011இல். அதற்குப் பிறகு எங்கள் கல்லியில் எத்தனை கோலிக்கு மேல் மாடி ஏறிவிட்டது!

நான் செய்தது கைவேலை. ஒரு நோட்டில் ஒன்று முதல் பத்து வரை வகுப்புக்கு ஒரு பக்கம். வீடு வீடாகக் கேட்டு, எந்த வகுப்போடு நின்றார்களோ அந்தப் பக்கத்தில் ஒரு கோடு, பக்கத்தில் வருஷம். ஐந்தாவதில் கொஞ்சம், ஆறாவதில் கொஞ்சம். ஏழாவது பக்கம் மட்டும் நிரம்பி, இன்னொரு தாள் ஒட்ட வேண்டியதாயிற்று. படிப்பு ஏறாமல் போவதென்றால் எல்லா வகுப்பிலும் பரவலாக அல்லவா போக வேண்டும்?

வருஷத்தைப் பார்த்தபோது இன்னொரு குவியல் கிடைத்தது. 1993. அது எந்த வகுப்பென்று இல்லை, எல்லாப் பக்கத்திலும் இருந்தது. 1992 டிசம்பர், 1993 ஜனவரி கலவரத்தில் பயந்து ஊருக்கு ரயிலேறிய குடும்பங்கள். இப்படி ஒரு காலத்தின் அடியையும் ஒரு வகுப்பின் அடியையும் சேர்த்து எண்ணினால் இரண்டும் புரியாது. 1993ஐ எடுத்து வேறு தாளில் வைத்தேன்.

வீட்டுக்குப் போகிற நேரம், கேட்கிற விதம்

முதல் தடவை மத்தியானம் இரண்டு மணிக்குப் போனேன். எனக்கு அதுதான் வசதி. பாதிக் கதவு சாத்தியிருந்தது. திறந்த வீடுகளை மட்டும் எழுதிக்கொண்டு வந்தேன். அது பெரிய தப்பு. மத்தியானம் கதவு சாத்தியிருப்பது யார் வீடு? விடிகாலை மூன்று மணிக்கே எழுந்து இட்லி அவிக்கிற குடும்பங்கள். தூக்கும் சட்டினி வாளியுமாக ஆண்கள் சைக்கிளில் ‘பாம் பாம்’ என்று ஹாரன் அடித்துக்கொண்டு மும்பை முழுக்கப் போய்வந்து தூங்குகிற நேரம். இன்னொரு பாதி, மாட்டுங்கா, சயான் பக்கம் வீட்டு வேலைக்குப் போன பெண்கள். நான் தேடிய பிள்ளைகள் அந்தச் சாத்திய கதவுக்குள்தான் இருந்தார்கள். அதனால் தண்ணீர் வரும் நேரம் போ, ஞாயிற்றுக்கிழமை போ, ஒரே வீட்டுக்கு மூன்று தடவை போ. திறக்காத கதவை ‘இல்லை’ என்று எழுதாதே.

கேட்கும்போது ‘ஏன்’ என்று கேட்காதே. ஹோவர்ட் பெக்கர் என்ற சமூகவியலாளர் வற்புறுத்திச் சொன்னது இது. ‘ஏன்’ என்றால் ஆள் நியாயம் சொல்ல ஆரம்பித்துவிடுவார், ‘எப்படி நடந்தது’ என்றால் கதை வரும். “மதினி, ஏன் அவள நிறுத்துனீய?” என்றால் “படிப்பு ஏறல”. “மதினி, ரிசல்ட் வந்த அன்னைக்கு என்ன ஆச்சு? மறுநாள்? ஸ்கூல் தொறந்த அன்னைக்கு அவ எங்க இருந்தா?” என்று கேட்டுப் பார். ஒரு மதினி சொன்னது: “ரிசல்ட் வாங்கியாந்தா. டீச்சர் லீவிங் சர்டிபிகேட் குடுத்துட்டாவ. எட்டாவது அங்க கெடையாதுல்லா.”

எத்தனை வருஷம் கண்ணெதிரே இருந்த விஷயம்! மகாராஷ்டிராவில் அப்போது ஆரம்பப் பள்ளி ஏழாவது வரைதான், எட்டாவது முதல் பத்தாவது வரை உயர்நிலை. நாங்கள் படித்த தமிழ்ப் பள்ளி ஏழாவதோடு முடிந்தது. பிள்ளை நிற்கவில்லை, பள்ளிக்கூடம்தான் நின்றது.

கேட்டதை அன்றிரவே எழுதிவிடு, இரண்டு பிரதி வை. எம்.என். ஸ்ரீனிவாஸ் என்ற நம் நாட்டுச் சமூகவியலாளர் 1948இல் மைசூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் தங்கிச் சேர்த்த விஷயங்களை ஒழுங்குபடுத்தி வைத்திருந்த குறிப்புகள், 1970இல் அமெரிக்காவில் அவர் இருந்த இடத்தில் வைக்கப்பட்ட தீயில் எரிந்தன. பெரும்பாலும் நினைவிலிருந்தே அவர் புத்தகம் எழுதி, 1976இல் வெளியிட்டார். அவருக்கு இருந்த ஞாபகசக்தி நமக்குக் கிடையாது. ஆட்களின் பெயரையும் எழுதாதே. ஆந்த்ரே பெத்தேய் என்ற இன்னொரு சமூகவியலாளர் தஞ்சாவூர்ப் பக்கம் ஆராய்ந்த ஊருக்கே ‘ஸ்ரீபுரம்’ என்று வேறு பெயர் வைத்தார். எங்கள் கல்லியிலோ பெயரை மாற்றினாலும் ‘மூணு பொம்பளப் பிள்ள உள்ள இட்லிக்கார வீடு’ என்றால் யாரென்று எல்லோருக்கும் தெரியும். அதையும் சேர்த்து மறைக்க வேண்டும்.

உன் பதிலை நீயே அடித்துப் பார்

இங்கே நிறுத்தியிருந்தால் பாதிதான். ஏனென்றால் என் மனசில் வேறொரு பதிலும் இருந்தது: பன்னிரண்டு, பதின்மூன்று வயது, சடங்கு கழிந்த பிள்ளை, அதனால் நிறுத்தினார்கள். ஏழாவதும் சடங்கும் ஒரே வயதில் வருகின்றன. இரண்டில் எது? யோசித்துக்கொண்டு உட்கார்ந்தால் தெரியாது, ஒப்பிட்டால்தான் தெரியும்.

பையன்களின் கோடுகளை எண்ணினேன். அவர்களும் ஏழாவதில்தான் குவிந்திருந்தார்கள். பையனுக்கு ஏது சடங்கு? அடுத்து, பக்கத்துக் கல்லி மராத்திக்காரர் வீடுகள். எங்களைப் போலவே பத்துக்குப் பத்துக் கோலி, அதே சந்தாஸ் (பொதுக் கழிப்பறை) வரிசை. அங்கேயும் பெண்கள் வயசுக்கு வந்தார்கள், ஆனால் எட்டாவதுக்குப் போனார்கள். மராத்தி மீடியம் உயர்நிலைப் பள்ளிகள் சுற்றிலும் இருந்தன. சடங்குப் பதில் ஆட்டம் கண்டது.

ஆனால் முழுசாக விழவில்லை. நின்ற பையன்களில் சிலர் வேலைக்குப் போய்க்கொண்டே ராத்திரி ஸ்கூலுக்குத் திரும்பினார்கள். பெண்களில் திரும்பியவள், நான் எண்ணிய வீடுகளில், நான் மட்டும்தான். அதுவும் அப்பா தவறிப்போய், என் சம்பளம் வீட்டுக்குத் தேவைப்பட்ட பிறகு. எல்லோரையும் ஏழாவதில் இறக்கிவிட்டது பள்ளியின் அமைப்பு. இறங்கியவர்களில் யார் மறுபடி ஏறலாம் என்பதைத் தீர்மானித்தது பெண்ணைப் பற்றிய பயம். இரண்டு காரணமும் வேறுவேறு இடத்தில் வேலை செய்தன.

நிற்காதவர்களையும் தேடிப்போய்ப் பேசு. கஷ்டப்பட்டவர்களை மட்டும் கேட்டுவிட்டுக் காரணம் சொல்வது நம்மூர் ஆய்வுகளின் பழைய வியாதி. இன்னொரு எச்சரிக்கை: வட்டாரக் கணக்கை வைத்து ஆளைப் பற்றிப் பேசாதே. 1950இல் ராபின்சன் என்பவர் காட்டினார். அமெரிக்காவில் வெளிநாட்டில் பிறந்தவர் அதிகம் இருந்த மாநிலங்களில் எழுத்தறிவு அதிகம். ஆனால் ஆளாக எடுத்தால் அவர்களிடம் அது குறைவு. படித்தவர் நிறைந்த இடங்களில் அவர்கள் குடியேறியிருந்தார்கள், அவ்வளவுதான்.

கோட்பாடு எங்கே வருகிறது?

பாடப்புத்தகத்தில் மூன்று தலைப்பு இருக்கும்: செயற்பாட்டியம் (ஒரு வழக்கம் சமூகத்தை நிலைநிறுத்த என்ன வேலை செய்கிறது), முரண்பாட்டியம் (யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்), குறியீட்டு ஊடாட்டம் (ஆட்கள் ஒருவருக்கொருவர் வைக்கும் பெயரும் அர்த்தமும் என்ன செய்கின்றன). மூன்றுக்கும் ஒவ்வொரு பத்தி எழுதி மார்க் வாங்குவார்கள். எனக்கு அவை கேள்விகளாகத்தான் உதவின. படிப்பு நின்ற பெண் வீட்டில் இருப்பதால் யாருக்கு லாபம்? மூன்று மணிக்கு மாவு கரைக்கவும் இட்லித் தட்டு கழுவவும் சம்பளமில்லாத கை ஒன்று கிடைத்தது. ‘படிப்பு ஏறாதவள்’ என்று பெயர் வைத்த பிறகு அவள் என்ன ஆனாள்? தங்கச்சியின் புத்தகத்தைத் தொடக்கூட வெட்கப்பட்டாள். இப்படிக் கேட்டுப் பதிலையும் தேடினால், தலைப்பின் பெயர் மறந்துபோனாலும் பரவாயில்லை.

எழுதியதைக் கல்லியில் படித்துக்காட்டு

பேராசிரியருக்குக் கொடுக்கும் முன் இதைச் செய். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழாயடியில் ஹண்டாக்கள் நிறைவதற்குள் சத்தமாகப் படித்தேன். ஏழாவது, லீவிங் சர்டிபிகேட், ராத்திரி ஸ்கூல் எல்லாம் தலையாட்டிக் கேட்டார்கள். எல்லாம் முடிந்தபின் ஒரு பெரியம்மா, “ஏட்டி, ஒண்ண விட்டுட்டியே” என்றாள். “தமிழ்ல எட்டாவது இல்லாமயா இருந்துச்சு? ஒரு ஸ்கூல் இருந்துச்சு. தூரம். அதுவும் மத்தியான ஷிப்ட்டு. விட்டு வரும்போது இருட்டிரும். நான் அதுக்குத்தான் எம் மவள அனுப்பல.”

என் நோட்டில் தூரமும் இல்லை, ஷிப்டும் இல்லை. அது ஒரு நவம்பர் மாதம். மறுநாள் அந்தப் பள்ளி விடுகிற ஆறு மணிக்கு வாசலில் போய் நின்று, எங்கள் கல்லி வரை நடந்து பார்த்தேன். மெயின் ரோட்டைத் தாண்டும் முன்பே விளக்குப் போட்டுவிட்டார்கள்.