பூ கட்டும் கையை ஜிஃப் ஆக்குவது

நாத்தனார் மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். மல்லிகை கட்டக் கற்றுக்கொடுங்கள் என்று அத்தையிடம் கேட்டிருந்தாள். அத்தை கட்டுவதைப் போனில் எடுத்து அனுப்பினேன். "ரெண்டு கையும் நார்ல மாட்டியிருக்கு. வீடியோ நின்னுபோனா எதால ப்ளேயை அழுத்துறது?" என்று பதில் வந்தது. நியாயம்தான். தானாகவே திரும்பத் திரும்ப ஓடுகிற படம்தான் அவளுக்கு வேண்டும், அதாவது ஜிஃப்.

நான் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடையில் டிசைனர். போட்டோஷாப் கையில் இருக்கிறது, பத்து நிமிட வேலை என்று உட்கார்ந்தேன். முதல் ஜிஃப் நூறு எம்பியைத் தாண்டியது. அத்தையின் புறங்கை திட்டுத் திட்டாகப் பிரிந்து உலக வரைபடம் மாதிரி இருந்தது.

காரணம் எளிது. ஜிஃப் 1987-இல் வந்த வடிவம். ஒரு ஃப்ரேமுக்கு, அதாவது வரிசையாக ஓடுகிற படங்களில் ஒவ்வொன்றுக்கும், 256 நிறம்தான் கொடுக்கும். அந்த 256-ஐ எதற்குச் செலவழிக்கிறோம் என்பதில்தான் தரம் இருக்கிறது. நான் எடுத்த வீடியோவில் அத்தை பூப்போட்ட பாய்மேல் உட்கார்ந்திருந்தார். பின்னால் கட்டம் போட்ட திரைச்சீலை. பாயும் திரையும் நிறங்களை எல்லாம் விழுங்கிவிட்டன, கைக்கு மிச்சமில்லை. இதைப் பிறகு மென்பொருளில் சரிசெய்வது பெரும்பாடு. அதனால் மறுபடியும் எடுத்தேன்.

இந்த முறை மடியில் ஒரே நிறக் கரும்பச்சைத் துணி. போனை ஸ்டூல் விளிம்பில் கேமரா மட்டும் வெளியே தெரியும்படி வைத்து, மேலே ஒரு டைரியைப் பாரமாக வைத்தேன். கேமரா அசையாமல் இருப்பது முக்கியம்: முந்தைய ஃப்ரேமிலிருந்து மாறாத இடத்தை ஜிஃப் மறுபடி சேமிக்கவேண்டியதில்லை. கை நடுங்கினால் எல்லாப் புள்ளியும் மாறிவிடும். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு நூறு முறை மின்னும், நொடிக்கு 30 ஃப்ரேம் எடுக்கும் வீடியோவில் அது பட்டை பட்டையாக ஓடும். ஜன்னல் வெளிச்சம் போதும். திரையில் மொட்டின்மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிவிட்டு, கொஞ்சம் குறைக்கவும். இல்லாவிட்டால் மல்லிகை வெறும் வெள்ளைப் பொட்டாகத்தான் தெரியும்.

அடுத்தது வெட்டு. பூ கட்டுவதில் ஒரு வசதி, அதே அசைவு திரும்பத் திரும்ப வரும். மொட்டு வைத்து, எதிர்ப்புறம் மொட்டு வைத்து, கண்ணி போட்டு, இறுக்குவது. அத்தைக்கு இது ஏறக்குறைய இரண்டரை நொடி. நார் இறுகும் கணத்தில் ஆரம்பித்து, அடுத்த முறை இறுகுவதற்கு ஒரு ஃப்ரேம் முன்னால் நிறுத்தினேன். கை இருக்கிற இடம் பொருந்தியது, தொங்கும் சரம் மட்டும் குதித்தது. கீழ்ப்பகுதியை வெட்டிவிட்டேன், பிரச்சினை தீர்ந்தது.

போட்டோஷாப்பில்: ஃபைல், இம்போர்ட், வீடியோ ஃப்ரேம்ஸ் டு லேயர்ஸ். அதில் "செலக்டட் ரேஞ்ச் ஒன்லி" தேர்ந்தெடுத்து இரு முனையையும் நகர்த்துங்கள். கீழே "லிமிட் டு எவ்ரி" என்பதில் 3 போடுங்கள். 30 ஃப்ரேம் வீடியோ நொடிக்கு 10 ஃப்ரேம் ஆகும். ஏன் 2 அல்ல? ஜிஃப் நேரத்தை நொடியில் நூறில் ஒரு பங்காகத்தான் அளக்கும். 10 ஃப்ரேமுக்கு 0.1 நொடி, கச்சிதம். 15 ஃப்ரேமுக்கு 0.0667 வரும், அதை 0.07 என்று உருட்டவேண்டும், வேகம் லேசாகப் பிசகும். டைம்லைனில் எல்லா ஃப்ரேமையும் தேர்ந்து 0.1 கொடுங்கள், லூப்பை ஃபாரெவர் ஆக்குங்கள்.

பிறகு கிராப் செய்து, இமேஜ் சைஸில் 480-க்கு 480. இதில் கஞ்சத்தனம் வேண்டும். ஒரு புள்ளிக்கு ஒரு பைட் என்று கணக்குப் போட்டால், 24 ஃப்ரேமுக்குச் சுருக்குவதற்கு முன் 5.5 எம்பி. அதே அசைவை 1080 அகலச் சதுரத்தில், முழு 30 ஃப்ரேமில் வைத்தால் 84 எம்பி!

எக்ஸ்போர்ட்டில் சேவ் ஃபார் வெப். ஜிஃப், செலக்டிவ், 256. டிதர்தான் நுணுக்கமான இடம். இல்லாத நிறத்தை இருக்கிற நிறப் புள்ளிகளைத் தூவிக் காட்டுகிற வித்தை அது. பூஜ்யம் வைத்தால் கை வரைபடம் ஆகிவிடும். டிஃப்யூஷன் 100 வைத்தேன், தோல் அழகாக வந்தது, ஆனால் துணிமேல் எறும்பு ஊர்வதுபோல் புள்ளிகள் நெளிந்தன. கோப்பும் ஊதிவிட்டது. 60-க்கு இறக்கியபோது இரண்டும் அடங்கின. லாஸி என்பது நுணுக்கத்தைக் கொஞ்சம் விட்டுக் கோப்பைச் சிறிதாக்குவது; அதை 5-லிருந்து 10-க்குள் வையுங்கள், அதற்குமேல் போனால் மொட்டின் ஓரத்தில் கோடு கோடாகக் கீறல் விழுகிறது.

போட்டோஷாப் இல்லாதவர்களுக்கு எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச வீடியோ மென்பொருள் இருக்கிறது. அதில் பேலட்ஜென், பேலட்யூஸ் என்ற இரண்டு ஃபில்டர்களைக் கட்டாயம் சேர்க்கவேண்டும். முதலாவது உங்கள் வீடியோவைப் பார்த்து 256 நிறத்தைப் பொறுக்கும், இரண்டாவது அவற்றைக்கொண்டு படத்தை வரையும். இவை இல்லாமல் மாற்றினால் ஏதோ ஒரு பொதுவான நிறத்தட்டைப் பூசிவிடும். ஃப்ரேம் எண்ணிக்கை, அளவு இரண்டையும் இவற்றுக்கு முன்னால் குறைத்துவிடுங்கள். பின்னணி நெளிந்தால் டிதரை பேயர் என்ற வகைக்கு மாற்றுங்கள், அதன் புள்ளிகள் இடம் மாறாது.

வாட்ஸாப்பில் அனுப்பும்போது டாக்குமென்ட்டாக அனுப்பவும். சாதாரணமாக அனுப்பினால் அது ஜிஃப்பை மறுபடி வீடியோவாக மாற்றிவிடும், பட்ட பாடெல்லாம் வீண்.

கடைசிக் கோப்பு இரண்டு எம்பிக்கும் கீழே. அத்தையிடம் காட்டினேன். ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தவர், "இவ்வளவு நேரமாக் கட்டிக்கிட்டே இருக்கேன், சரம் ஒரு மொட்டுகூட நீளலையே" என்றார்.