பின்சீட்டுக்கு வீடியோ திரை வேண்டுமா? புக்கிங் போடும் முன் செய்து பார்க்க வேண்டியவை

போன மாதம் புதுக் கார் புக் செய்யப் போயிருந்தோம். விற்பனைப் பிரிவில் இருந்த தம்பி விலைப்பட்டியலின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, "சார், பசங்க இருக்காங்கல்ல, பின்னாடி ரெண்டு ஸ்கிரீன் போட்டுடலாமா?" என்றார். முன்சீட்டில் தலை சாய்க்கும் ஹெட்ரெஸ்டின் பின்புறம் மாட்டும், பின்னால் இருப்பவர்கள் படம் பார்ப்பதற்கான திரைகள். இரண்டுக்கும் சேர்த்து 42,000 ரூபாய். ஐந்து வருடத்துக்கு முன் இப்போதுள்ள காரை வாங்கும்போது, வேறொரு ஷோரூமில், இதே கேள்விக்கு யோசிக்காமல் தலையாட்டியவன் நான். அந்தத் திரைகளோடு பட்ட பாட்டில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதல் வேலை: மணிக்கணக்கு

காகிதத்தை எடுத்து, பிள்ளைகள் காரில் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்த பயணங்களை மட்டும் எழுதுங்கள். பள்ளிக்கூடம், கடைத்தெரு எல்லாம் கணக்கில் வராது. எங்களுக்கு வந்தது இது: தாம்பரத்திலிருந்து கோவில்பட்டிக்குப் பொங்கல், கோடை விடுமுறை, தீபாவளி என மூன்று முறை. போக வர ஆறு நடை, நடைக்குப் பத்து மணி நேரம். விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்புவதால் பாதி நேரம் தூக்கம். ஆக, வருடத்துக்கு முப்பது மணி நேரம். ஐந்து வருடத்துக்கு 150. 42,000-ஐ 150-ஆல் வகுத்தால் மணிக்கு 280 ரூபாய். தியேட்டரிலேயே டிக்கெட் இதைவிட மலிவு.

திரைக்காக டாப் மாடலுக்குப் போகச் சொன்னால் இன்னும் கவனம் வேண்டும். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 10 முதல் 20 லட்சம் வரையுள்ள கார்களுக்குச் சாலை வரி 18 சதவீதம், 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம். ஷோரூம் விலை 19.4 லட்சம் என்றால் வரி சுமார் 3.49 லட்சம். 21.2 லட்சத்துக்குப் போனால் 4.24 லட்சம். மாடல் வித்தியாசம் 1.8 லட்சம்தானே என்று நினைப்போம். வரியோடு சேர்த்தால் இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிடும், இன்சூரன்ஸ் தனி.

இரண்டாவது: யார் உட்காரப் போகிறார்கள்

சின்னவள் திண்டிவனம் தாண்டுவதற்குள் வாந்தி எடுக்கும் ரகம். கண்ணுக்கு எதிரே திரை அசையாமல் நிற்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்போ வண்டி ஓடுவதைச் சொல்கிறது; இந்தச் சண்டையில்தான் குமட்டல் வருகிறது. மடியில் டேப்லெட்டை வைத்துக் குனிந்து பார்த்தால் இன்னும் மோசம். கண் மட்டத்தில் திரை இருந்தால் ஓரளவு தாங்குகிறாள். கொடைக்கானல் மலைப்பாதையில் எந்தத் திரையும் உதவாது, அணைத்துவிடுங்கள்.

மூன்றாவது: உங்கள் போன், உங்கள் பென்டிரைவ், அவர்கள் திரை

நான் சறுக்கி விழுந்த இடம் இதுதான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அன்றைக்கு ஷோரூமில் திரையைப் போட்டுக் காட்டினார்கள். நீலக் கடல், பறக்கும் பறவைகள், கண்ணைப் பறிக்கும் நிறம். அது ஓடியது அவர்களுடைய பென்டிரைவில். என்னுடையதை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பும் முன்தினம் சென்னை ரிச்சி தெருவில் 900 ரூபாய்க்கு டைப்-சி டு எச்டிஎம்ஐ கேபிள் வாங்கி, போனைத் திரையில் சொருகினேன். "நோ சிக்னல்." கடைக்காரர் முகம் சுளிக்காமல் இரண்டு முறை கேபிளை மாற்றிக் கொடுத்தார். மூன்றாவது கேபிளிலும் அதே "நோ சிக்னல்".

குற்றம் கேபிளில் இல்லை. டைப்-சி என்பது துளையின் வடிவம் மட்டும்தான். அதற்குள் படத்தை வெளியே அனுப்பும் வசதி, அதாவது டிஸ்ப்ளேபோர்ட், தனியாக இருக்க வேண்டும். நடுத்தர விலை போன்கள் பலவற்றில் அது கிடையாது, சார்ஜும் ஃபைல் மாற்றலும் மட்டும்தான். என் போன் 18,000 ரூபாய்ப் போன். பிள்ளைகளின் டேப்லெட்டும் அதே கதை.

மச்சானின் போனில் அந்த வசதி இருந்தது. சொருகினோம், முகப்புத் திரை பளிச்சென்று வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். ஓடிடி செயலியைத் திறந்து படத்தை ஓடவிட்டால் சத்தம் மட்டும் வருகிறது, படம் கருப்பு. இதற்குப் பெயர் எச்டிசிபி. படத்தை யாரும் நகல் எடுக்கக் கூடாது என்று போட்டிருக்கும் பூட்டு. போன், கேபிள், திரை மூன்றும் அந்தப் பூட்டுக்கு ஒத்துப்போனால்தான் படம் தெரியும். ஒன்று மக்கர் செய்தாலும் போச்சு.

சரி, பென்டிரைவ். அண்ணன் கல்யாண வீடியோவை அம்மா பார்க்க ஆசைப்பட்டார்கள். 64 ஜிபி டிரைவைத் திரை அடையாளமே காணவில்லை, ஏனென்றால் அது எக்ஸ்ஃபேட் வடிவத்தில் (டிரைவில் ஃபைல்களை அடுக்கும் ஒரு முறை) இருந்தது. ஃபேட்32 என்ற பழைய முறைக்கு மாற்றினால் வீடியோ ஏற மறுக்கிறது. ஃபேட்32-இல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது, வீடியோக்காரர் கொடுத்ததோ 11 ஜிபி. துண்டு துண்டாக வெட்டி ஏற்றினேன். படம் வந்தது, சத்தம் வரவில்லை. அம்மா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "என்னய்யா இது, அய்யர் வாயை மட்டும் அசைக்காவ?" என்றார்கள். ஒலி ஏசி3 என்ற வகையில் பதிவாகியிருந்திருக்கிறது, திரைக்கு அது தெரியவில்லை. லேப்டாப்பில் விஎல்சி பிளேயர் எதைப் போட்டாலும் ஓட்டிவிடுவதால் அங்கே எல்லாம் சரியாகவே தெரிந்தது. அதை நம்பி ஏமாறாதீர்கள்.

இதற்கு நான் கண்ட மருந்து: 32 ஜிபி பென்டிரைவ், ஃபேட்32. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் வீடியோவை எம்பி4-ஆக, படம் எச்.264, ஒலி ஏஏசி என்று (சுருக்கிச் சேமிக்கும் முறைகளின் பெயர்கள் இவை) மாற்றுங்கள். படத் தரம் 720பி போதும், பத்து அங்குலத் திரையில் அதற்கு மேல் வித்தியாசம் தெரியாது. எச்.265 வேண்டவே வேண்டாம். காசு கொடுத்து வாங்கும் கன்வர்ட்டர் எதுவும் தேவையில்லை.

எனவே ஷோரூமுக்குப் போகும்போது வீட்டில் தினமும் பார்க்கும் போனையும், உங்கள் வீடியோ உள்ள பென்டிரைவையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஓட்டிப் பார்க்கப் பத்து நிமிடம் கேளுங்கள். டெமோ வண்டியில் திரை இல்லை, டெலிவரியின்போது பார்த்துக்கொள்ளலாம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

நான்காவது: சத்தம்

இரண்டு பிள்ளைகள், இரண்டு படம், ஒரே கார். ஸ்பீக்கரில் விட்டால் ஓட்டுபவருக்குப் பைத்தியம் பிடிக்கும். காரோடு வரும் பழைய வகைத் திரைகளில் ஹெட்போன் அகச்சிவப்புக் கதிரில் வேலை செய்யும், டிவி ரிமோட் மாதிரி. தலையைத் திருப்பினாலோ நல்ல வெயில் அடித்தாலோ கரகரக்கும். ப்ளூடூத் பரவாயில்லை, ஆனால் பாதி வழியில் சார்ஜ் தீரும். என் ஓட்டு வயர் ஹெட்போனுக்குத்தான், சத்தம் 85 டெசிபலுக்கு மேல் போகாதபடி குழந்தைகளுக்கென்றே செய்தது. டேப்லெட்டில் ஹெட்போன் துளை இருக்கிறதா என்று வாங்கும் முன் பாருங்கள், இப்போது பல மாடல்களில் எடுத்துவிட்டார்கள்.

ஐந்தாவது: வயரிங் கேள்விகள்

டீலர் பொருத்தும் திரை என்றால் இரண்டே கேள்வி. கரண்ட் எங்கிருந்து எடுப்பீர்கள்? சாவியை அணைத்தால் திரையும் அணையுமா? நேரடியாக பேட்டரியில் கொடுத்துவிட்டால், அணைத்திருக்கும்போதும் அரை ஆம்பியர் இழுத்தால்கூட மூன்று நாளில் 36 ஆம்பியர்-மணி போய்விடும். சாதாரணக் கார் பேட்டரியில் அது கிட்டத்தட்ட முழுச் சார்ஜ். இன்னொன்று, முன்சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டரோடு ஓடுவது ஏர்பேக் வயர். அதன் பக்கம் யாரும் கட்டிங் பிளேயரோடு போகக் கூடாது. வாரண்டி பாதிக்காது என்று வாயால் சொன்னால் போதாது, பில்லில் எழுதி வாங்குங்கள்.

அப்படியென்றால் யாருக்குத்தான் லாபம்?

காரோடு வரும் திரைக்கு ஒரு நிஜமான பலம் உண்டு, வெயில். ஐபேடை 35 டிகிரிக்கு மேல் பயன்படுத்தக் கூடாது, 45 டிகிரிக்கு மேல் வைத்திருக்கவே கூடாது என்கிறது ஆப்பிள். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் அதைவிட அதிகம். தொழிற்சாலையில் பொருத்தும் திரை அந்தச் சூட்டைத் தாங்குவதற்கென்றே செய்யப்படுவது. டேப்லெட்டை நீங்கள் மறக்காமல் கையில் எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும்.

அதனால் டிரைவர் வைத்துக்கொண்டு தினமும் இரண்டு மூன்று மணி நேரம் பின்சீட்டில் கழிப்பவர், டேப்லெட்டைத் தொடப் பயப்படும் பெரியவர்கள் இருக்கும் வீடு, வேன் வைத்து ஓட்டும் டிராவல்ஸ்காரர்கள், இவர்கள் வாங்கலாம். டொயோட்டா வெல்ஃபயரின் கூரையிலிருந்து இறங்கும் 14 அங்குலத் திரை, பிஎம்டபிள்யூ 7 சீரிஸின் 31.3 அங்குலத் திரை எல்லாம் அந்த உலகம். நம் பட்ஜெட் பக்கம் வந்தால், மஹிந்திரா 2024 இறுதியில் கொண்டுவந்த எக்ஸ்இவி 9இ காரில் பின்சீட்டுக்காரர்கள் சொந்த டேப்லெட்டை மாட்டிக்கொள்ள முன்சீட்டின் முதுகில் இடம் கொடுத்தார்கள். எனக்கு அதுதான் சரியான வழியாகப் படுகிறது. திரை நான்கு வருடத்தில் பழசாகும், கார் பத்து வருடம் ஓடும்.

நான் செய்தது

இரண்டு டேப்லெட் வீட்டிலேயே இருந்தன, ஒன்று பெரியவனின் ஆன்லைன் வகுப்புக் காலத்தது. தாங்கி வாங்கும்போது ஹெட்ரெஸ்டின் இரண்டு கம்பிகளையும் பிடித்துத் திருகும் வகையை வாங்குங்கள். எலாஸ்டிக் பட்டி வேண்டாம். அரைக் கிலோ எடையுள்ள பொருள் சடன் பிரேக்கில் எங்கே பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு சீட்டுக்கும் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் தாங்கியும் வேண்டாம், பிள்ளைகளின் தலை அதில் மோதும்.

கரண்டுக்கு காரின் யுஎஸ்பி துளையை நம்பாதீர்கள். 5 வோல்ட், 1 ஆம்பியர் என்றால் 5 வாட்தான். சார்ஜில் போட்டபடியே படம் பார்த்தாலும் பேட்டரி இறங்கிக்கொண்டே வரும், எங்களுக்கு உளுந்தூர்பேட்டை வரும்போது 20 சதவீதம். 12 வோல்ட் துளையில் சொருகும் 30 வாட் பிடி (வேகமாகச் சார்ஜ் ஏற்றும் வகை) சார்ஜரும் இரண்டு மீட்டர் கேபிளும் வாங்கிய பிறகு பிரச்சினை தீர்ந்தது. தாங்கி, சார்ஜர், ஹெட்போன் எல்லாம் சேர்த்து 5,600 ரூபாய். படங்களை முந்தின இரவே டவுன்லோடு செய்து, டேப்லெட்டை ஏரோபிளேன் மோடில் போட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். யூடியூபில் சந்தா இல்லாமல் சேமித்தது 48 மணி நேரம் நெட் இல்லாவிட்டால் ஓடாது. ஊரில் மூன்று நாள் இருந்துவிட்டுத் திரும்பும்போதுதான் இது தெரியவரும்.

சேர்த்தது 1: கைக்குழந்தைக்குத் திரை உதவுமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பின்பக்கம் பார்த்த குழந்தை இருக்கை போட்டிருந்தால் குழந்தையின் முகம் கார் டிக்கிப் பக்கம் இருக்கும். முன்சீட்டின் முதுகில் இருக்கும் திரை அதற்குத் தெரியவே தெரியாது. குழந்தை முன்பக்கம் திரும்பி உட்காரும் வயது வரும்வரை இந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

சேர்த்தது 2: "என் ஹெட்ரெஸ்ட் திரையே ஆண்ட்ராய்டு, போனே வேண்டாம், ஆனால் படம் மங்கலாக வருகிறது" என்று இருவர் எழுதியிருந்தார்கள். டிஆர்எம் இன்ஃபோ என்ற செயலியைப் போட்டு, வைட்வைன் (ஓடிடி படங்களை நகல் எடுக்காமல் காக்கும் பூட்டு) எந்த நிலையில் இருக்கிறது, எல்1-ஆ எல்3-ஆ என்று பாருங்கள். மலிவான திரைகளில் பெரும்பாலும் எல்3. எல்3 என்றால் ஓடிடி செயலிகள் பலவும் சாதாரணத் தரத்துக்கு மேல் தராது, அதை வீட்டில் சரிசெய்யவும் வழியில்லை. ஷோரூமிலேயே அந்தச் செயலியைப் போட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். புதுக் காரின் விற்பனைத் தம்பியிடம் நானும் கேட்டேன். ஐந்து நிமிடம் உள்ளே போய்விட்டு வந்து, "சார், மேட்டும் மட்கார்டும் மட்டும் போட்டுடலாம்" என்றார்.