பிரஷரைக் குறைத்துச் செய்யும் ஆபரேஷன்: மானிட்டரில் எதைப் பார்ப்பது?

சேலத்தில் தியேட்டர் டெக்னீஷியனாகப் புதிதாகச் சேரும் பிள்ளைகள் முதல் வாரமே கேட்பார்கள்: "அண்ணா, பிரஷர் நல்லாத்தானே இருந்துச்சு, எதுக்கு மருந்து போட்டு இறக்குறாங்க?" சைனஸ், நடுக்காது ஆபரேஷன்களில் இடம் ரொம்பக் குறுகல். எண்டோஸ்கோப் முனையில் ரெண்டு சொட்டு ரத்தம் ஒட்டினாலே டாக்டருக்கு எல்லாம் சிவப்புதான். அதனால் சிலருக்கு மட்டும் அளவோடு இறக்குவார்கள். முடிவும் மருந்தளவும் மயக்க மருத்துவருடையது. தயார் செய்வதும் கணக்குப் பிசகாமல் பார்ப்பதும் நம் வேலை.

முதலில் நோயாளியின் வழக்கமான பிரஷர். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து, பயந்துகொண்டே மேஜையில் படுத்தவருக்கு 160 காட்டும். அதை நம்ப வேண்டாம், வார்டில் எடுத்த அளவுகளைப் பாருங்கள். பக்கவாதம் வந்தவர், இதய ரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவர் என்றால் பெரும்பாலும் இந்த முறையே வேண்டாம் என்றுவிடுவார்கள்.

அடுத்து சராசரி அழுத்தம். 120/80 என்றால் இடைவெளி 40. அதில் மூன்றிலொரு பங்கு, 13. அதை 80-உடன் கூட்டினால் 93. டாக்டர் இதில் 30 சதவீதம் குறைக்கச் சொன்னால் 65.

இனிதான் புதியவர்கள் சறுக்கும் இடம். ரத்தக்கசிவு குறையட்டும் என்று மேஜையின் தலைப்பக்கத்தை உயர்த்துவார்கள். கீழ்வீட்டுக் குழாயில் கொட்டும் தண்ணீர் மாடியில் நூலாக வருமே, அதே கதைதான். 10 செ.மீ. உயரத்துக்குச் சுமார் 7.5 மி.மீ. பாதரசம் குறையும். காது இதயத்தைவிட 20 செ.மீ. மேலே இருந்தால், இதய மட்டத்தில் அளக்கும் மானிட்டர் 65 காட்டும்போது, காது மட்டத்தில் உள்ள மூளைக்குக் கிடைப்பது 50தான்! ஆகவே ஆர்ட்டீரியல் லைன் (தமனிக்குள் போட்ட மெல்லிய குழாய்) ட்ரான்ஸ்டியூசரை, அதாவது அழுத்தத்தை அளந்து மானிட்டருக்கு அனுப்பும் கருவியை, காதுத் துளை மட்டத்தில் வைத்து ஜீரோ செய்யுங்கள். மேஜையை அசைத்தால் மறுபடி மட்டம் பாருங்கள். ஒருமுறை மறந்துபோய் நான் வாங்கிய திட்டும் அதே காதில்தான் இருக்கிறது.

அப்புறம் பிரஷரை இறக்கும் மருந்து. எஸ்மோலால் நாடித்துடிப்பையும் குறைக்கும்; அரை ஆயுள் (உடம்பில் மருந்து பாதியாகும் நேரம்) சுமார் 9 நிமிடம் என்பதால் நிறுத்தினால் மருந்தின் வேகம் சீக்கிரம் தணிந்துவிடும். நைட்ரோபுருசைடு வெளிச்சம் பட்டால் கெடும், சிரிஞ்சையும் டியூபையும் மூடி வையுங்கள். அளவு மீறினால் உடம்பில் சயனைடு சேரும், ஆகவே மருந்தை அளந்து செலுத்தும் சிரிஞ்ச் பம்ப் இல்லாமல் தொடவே கூடாது.

தையலுக்கு முன் பிரஷரை மெல்லப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, எங்காவது கசிகிறதா என்று டாக்டர் பார்ப்பார். அந்த நேரத்தில் பம்ப் நின்றதா என்று பாருங்கள். லைனில் மிச்சமிருக்கும் மருந்தை வேறு ஊசி போடும்போது உள்ளே தள்ளிவிடாதீர்கள்.